கர்ணன் காதில் ஒன்றும் ஊற்றக் கூடாது

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றிய இடம், தேனியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையின் மாடிப்படி. நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்ததால் படியில் உட்கார்ந்திருந்தேன். தோன்றிய காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அலுப்பு.

நான் பெரியகுளத்திலிருந்து வர வேண்டும். என் அக்கா ஜோதிலட்சுமியும் அவள் வீட்டுக்காரர் கர்ணனும் காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் கம்பம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வர வேண்டும். மூவரும் சேர்ந்தபின் டாக்டர் சொல்வதை நான் கேட்டு, மச்சானின் வலது காதருகே குனிந்து, அதையே உரக்கச் சொல்ல வேண்டும். அக்கா அந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டாள்.

"கத்திக் கத்தி என் தொண்டைக்கும் சேத்து ஒரு சீட்டு எழுதணும் போல. நீ வந்து கத்துடா கொஞ்ச நாளைக்கு," என்றாள் போனில்.

படியில் உட்கார்ந்திருந்தபோது, இதையெல்லாம் ஒரு தடவை எழுதிவிட்டால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காதே என்று நினைத்தேன். அதற்கு மேல் பெரிய உந்துதல் ஒன்றும் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் கடிதமும் விண்ணப்பமும் எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். கதை எழுதக் கற்றுக் கொடுக்கவில்லை. ஆகையால் எண் போட்டுச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

2.

தொடக்கம், முதல் முயற்சி:

"கம்பம் பள்ளத்தாக்கின் மேல் மேகம் வெள்ளைத் துணியைப் போல—"

நிறுத்திவிட்டேன். மேகத்துக்கு இந்தக் கதையில் வேலை உண்டு, ஆனால் பிறகுதான்.

இரண்டாவது:

"காதின் உள்ளே ஒரு தோல் இருக்கிறது. வெங்காயச் சருகைவிட மெல்லியது. சத்தம் அதில் பட்டு அதிர்ந்தால்தான் நமக்குக் கேட்கும். அதில் ஓட்டை விழுந்துவிட்டால்—"

விஷயம் சரி. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் எழுதியது போல இருக்கிறது.

மூன்றாவது:

"கர்ணனுக்குக் காது கேட்கவில்லை."

இது நேராக இருக்கிறது. இதிலும் ஒரு தொல்லை. வடமொழியில் கர்ணம் என்றால் காதாம். காது நோயாளிக்கு இந்தப் பெயரை வேண்டுமென்றே வைத்தேன் என்று படித்தவர்கள் நினைப்பார்கள். அதனால் தங்கப்பாண்டியன் என்று மாற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். அந்தத் தங்கப்பாண்டியன் டாக்டர் சொன்னதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டு நடந்தார். மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிட்டார். குணமாகிவிட்டார். கதை அந்தப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. கர்ணன் என்று திரும்ப மாற்றிய பிறகுதான் மனிதர் தன் இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்தார். பெயர் அப்படியே இருக்கட்டும்.

3. நோயின் விவரம்

மச்சானுக்கு இடது காது சின்ன வயதிலேயே போய்விட்டது. பொன்னுக்கு வீங்கி வந்தபோது போனது. மீதி இருப்பது வலது காது ஒன்றுதான். அதன் செவிப்பறையில் ஓட்டை.

அவருக்கு இருப்பது பன்னீர் திராட்சைத் தோட்டம். திராட்சைப் பந்தல் தலைக்கு மேல் இருக்கும். வேலை முழுக்க அண்ணாந்து பார்த்துச் செய்வது. மருந்து அடிக்கும்போது இலையில் பட்டுத் திரும்புகிற தூவானம் முகத்தில் விழும், காதில் விழும். குளிப்பது மோட்டார்க் குழாய்க்கு அடியில்; மண்டையில் தண்ணீர் இடிக்கிற மாதிரி விழுந்தால்தான் அவருக்குக் குளித்ததாகக் கணக்கு. காதில் சீழ் வரும். மருந்துக்கடையில் பழைய பாட்டிலைக் காட்டி, "இதே ஒண்ணு" என்று வாங்கி ஊற்றிக்கொள்வார். சீழ் நிற்கும். பிறகு வரும். பிறகு பாட்டில்.

(அந்தச் சொட்டு மருந்து சீழ்க்கிருமியைக் கொன்றது நிஜம். கொன்று, இடத்தைக் காலி செய்து, ஈரத்தையும் வைத்துவிட்டுப் போனது. காலி இடத்தில் பூஞ்சை குடிவந்தது. இதை நான் சொல்லவில்லை, டாக்டர் சொன்னது. அடுத்த பகுதியில் அவர் வருகிறார்.)

அரிப்பு ஆரம்பித்தது. "உள்ளார கட்டெறும்பு குடும்பத்தோட வந்து எறங்குனாப்புல இருக்கு மாப்ள," என்றார். கேட்டுக்கொண்டிருந்த கொஞ்சமும் அடைத்துப் போயிற்று.

4.

டாக்டர் ஷீபாவுக்குக் குமுளிப் பக்கம். தமிழ் நன்றாகப் பேசுவார். அவசரத்தில் மலையாளம் எட்டிப் பார்க்கும். மச்சானைச் சாய்ந்து உட்காரவைத்து, சின்னக் குழாயால் காதை உறிஞ்சிச் சுத்தம் செய்தார். எதிரே திரையில் காதின் உட்புறம் தெரிந்தது. நனைந்த செய்தித்தாளைக் கிழித்துத் திணித்து வைத்தது போல ஒரு பொருள். வெள்ளை, அதன் மேல் கறுப்புப் புள்ளிகள்.

"பூஞ்சை," என்றார் டாக்டர்.

நான் குனிந்து, "பூஞ்சையாம் மச்சான்," என்று கத்தினேன்.

மச்சான் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஊர் பேர் தெரியாத நோய் என்று பயந்துகொண்டிருந்தவருக்குப் பழகின ஆளைப் பார்த்தது போல் ஆகிவிட்டது.

"நம்ம தோட்டத்துச் சாம்பல் நோயில்ல இது. இதுக்கா இம்புட்டு அலைஞ்சோம்? ஏம்மா, கொடிக்கு அடிக்கிற மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து லேசா ஒரு அடி அடிச்சா?"

"வேண்டா," என்றார் டாக்டர், வேலையை நிறுத்தாமல். "ஓட்டை இல்லாத செவிக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிருவேன். உங்களுக்கு ஓட்டை இருக்கு. ஊத்தினா மருந்து ஓட்டை வழியா உள்காதுக்குப் போகும். ஸ்பிரிட் கலந்ததுன்னா எரியும், தலை சுத்தும், நரம்பு கெடும். நரம்பு போச்சுன்னா ஆபரேஷன் பண்ணியும் கேக்காது. நானே சுத்தம் பண்ணி, ஓரத்துல மட்டும் களிம்பு வச்சு விடறேன். மாத்திரை தரேன். நீங்க ஒண்ணும் ஊத்த வேண்டா. எண்ணெய் வேண்டா, பூண்டு வேண்டா, கடைச் சொட்டு வேண்டா. தலைக்குக் குளிக்கையில பஞ்சுல வாசலின் தடவி அடைச்சுக்கணும். கேட்டோ?"

"கேக்கலைன்னுதானம்மா வந்திருக்கேன்," என்றார் மச்சான்.

நான் எல்லாவற்றையும் வரிசையாகக் கத்தினேன். வெளியே காத்திருந்தவர்களும் அன்று பூஞ்சையைப் பற்றி முழுமையாகத் தெரிந்துகொண்டார்கள்.

காது காய வேண்டும். காய்ந்து, காய்ந்தபடியே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு சவ்வை எடுத்து ஓட்டையை மூடி ஒட்டுவார்கள். சாதாரணமாகப் பேசினாலே கேட்கும் அளவுக்கு வர வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். ஈரமாக இருந்தால் ஒட்ட முடியாது. ஈரச் சுவரில் போஸ்டர் ஒட்டினால் நிற்குமா என்று அவரே கேட்டார்.

5.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு ஆசை வேண்டும். காது கேட்டால் கர்ணன் எதைக் கேட்க ஆசைப்படுவார்? நான் எழுதிப் பார்த்தவை: மகளின் குரல் (மகள் இல்லை), கோயில் மணி (அவர் போவதில்லை), பந்தலில் குருவிச் சத்தம் (குருவி பழத்தைக் கொத்துகிறது என்று விரட்டுகிற மனிதர்).

அக்காவிடமே கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கத்திச் சொல்றதுக்குன்னு கொஞ்சம் பேச்சு இருக்கு தம்பி. சோறு திங்க வாங்க, கரண்டு வந்துருச்சு, மோட்டாரப் போடுங்க. இதெல்லாம் கத்திரலாம். ராக்கையா அண்ணன் மருமக கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போன கதைய எப்பிடிக் கத்துறது? பக்கத்துத் தோட்டமே அவுகளுது, காதுல விழுந்துரும்ல. ஒரு கிண்டல் பண்ணணும்னா எப்பிடி? கத்துன கிண்டல் சண்டையாயிருது. ஒண்ணு ஒண்ணா விட்டுப்போச்சு. இப்ப எங்களுக்குள்ள சோறும் மோட்டாரும்தான் மிச்சம்."

பிறகு, "உனக்கு ஒண்ணு தெரியுமா? முன்னாடி அவுகளச் சிரிக்க வைக்கிறது எனக்கு லேசு," என்றாள். உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டாள்.

கதைக்கான ஆசை கிடைத்துவிட்டது. ஆனால் அது கர்ணனுடையது அல்ல. இதை முதலிலேயே கேட்டிருந்தால் தொடக்கத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். இனி மாற்ற எனக்குச் சக்தி இல்லை.

6.

காது காய்ந்தது.

நம்ப முடியவில்லை, ஆனாலும் காய்ந்தது. மச்சான் பஞ்சும் தலையில் துண்டுமாகத் திரிந்தார். குழாய்க்கு அடியில் போகவில்லை. வாளியில் கழுத்துவரை குளித்தார். "கழுவிவிட்ட மாடு மாதிரி இருந்த மனுசன், கோழி கணக்கா நனைஞ்சும் நனையாமயும் குளிக்கிறாக," என்றாள் அக்கா. டாக்டர் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த முறையும் இதே போலக் காய்ந்திருந்தால் ஆபரேஷனுக்குத் தேதி தருவதாகச் சொன்னார்.

அடுத்த முறை வருவதற்குள் மேகம் இறங்கியது. (முதல் தொடக்கத்தில் எழுதி நிறுத்திய மேகம் இதுதான்.) மேற்கே மலை தெரியாமல் மூடிக்கொண்டு சாரல் பிடித்தது. திராட்சைக்காரர்களுக்கு இது ஆகாத நேரம். ராக்கையா வேலியோரம் வந்து நின்று, விசைத்தெளிப்பானை முதுகில் மாட்டுவது போலச் சைகை காட்டினார்.

"ஏலே கர்ணா, இன்னைக்கே அடிச்சிரு. இலையில பாத்துட்டு அடிக்கிற மருந்து நோய்க்கில்ல, நம்ம மனசுக்கு."

மச்சானுக்குச் சொல் கேட்கவில்லை, சைகையே போதும். காதை மூடிக்கட்டிக்கொண்டு தோட்டம் முழுக்க முன்மருந்து அடித்தார். திராட்சையில் அப்படித்தான். நோய் வந்த பிறகு அடித்தால் தோற்றாயிற்று. வராதபோது, எல்லாம் நன்றாக இருக்கும்போது, வானத்தைப் பார்த்து அடிக்க வேண்டும்.

அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கை கால் கழுவினார். தோட்டத்து மருந்துகள் வைக்கிற பலகையில் எப்போதோ வாங்கிய ஒரு காது மருந்தும் இருந்தது. ஸ்பிரிட் கலந்தது. காதில் வலி இல்லை, அரிப்பு இல்லை, ஈரம் இல்லை. நன்றாக இருந்தது. வெளியே சாரல்.

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து ஊற்றிக்கொண்டார்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். அவர் அப்படிக் கத்தி அதற்கு முன் கேட்டதில்லை என்றாள். போய்ப் பார்த்தபோது கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வீடு சுற்றுகிறது, பிடி, பிடி என்றார். வாந்தி எடுத்தார். அவள் காதருகே போய்க் கத்தினாள். அந்தக் காதிலும் ஒன்றும் ஏறவில்லை.

7. ஒரு சந்தேகம்

இந்த இடத்தில் கர்ணன் என்ற பாத்திரத்தை எனக்கு நம்ப முடியாமல் போய்விட்டது. டாக்டர் சொல்லி, நான் கத்தி, அக்கா தினமும் நினைவுபடுத்தி, மூன்று பேர் பாடுபட்டுக் காயவைத்த காதில் ஒரு மனிதன் எதற்காக ஊற்றுவான்? படிப்பவர் இது கதைக்காகச் செய்தது என்று புத்தகத்தை மூடிவிடுவாரே? இந்தப் பகுதியை எடுத்துவிட்டு, குளிக்கும்போது தவறித் தண்ணீர் போய்விட்டதாக—

எழுத ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. மச்சான் டாக்டரிடம் சொன்ன பதில் குறுக்கே நின்றது.

டாக்டர் கேட்டார்: "நல்லா இருந்த செவியில எதுக்கு ஊத்தினீங்க?"

நான் கத்தினேன்.

"நல்லா இருக்கும்போதே அடிக்கணும்மா," என்றார் மச்சான். அவர் குரலில் தப்பு செய்த தொனி துளியும் இல்லை. தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கிற பொறுமை இருந்தது. "வந்தப்புறம் அடிச்சு என்ன பிரயோசனம்? மேகம் எறங்கிருச்சுல்ல."

டாக்டர் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தார். சிரிப்பாரோ திட்டுவாரோ என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. நாள் முழுக்கக் காதுகளைப் பார்த்துக் களைத்திருந்த முகம்.

"கொடிக்கு மருந்து அதிகமானா இலை கருகும், அடுத்த வருசம் வேற இலை வரும். இதுக்குள்ள வேற நரம்பு வராது சேட்டா. இந்தத் தடவை தப்பிச்சது. அடுத்த தடவைக்கு நான் உத்தரவாதம் இல்ல. இதுக்கு முன்மருந்துன்னா, ஒண்ணும் பண்ணாம இருக்கறது. அதுதான் மருந்து."

நான் குனிந்தேன். ஒண்ணும் பண்ணாம இருக்கணுமாம் மச்சான்.

"அது எப்பிடி?" என்றார் மச்சான், நிஜமாகவே புரியாமல்.

ஆகவே அந்தப் பகுதி இருக்கட்டும். திராட்சை வைத்திருப்பவர்கள் படித்தால் நம்புவார்கள்.

8.

மறுபடி ஈரம், மறுபடி உறிஞ்சல், களிம்பு, மாத்திரை, பஸ். பலகையிலிருந்த பாட்டிலை அக்கா குழி தோண்டிப் புதைத்தாள். சாரல் ஓயவில்லை. மச்சான் பஞ்சை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாராம். "சும்மா இருக்கறதுக்கு இம்புட்டுப் பாடா படணும்?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

இன்று டாக்டர் மறுபடி பார்க்கும் நாள். காய்ந்திருந்தால் தேதி. ஈரமாக இருந்தால் இனி எப்போது என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்றிருக்கிறார். மறுபடியும் நாற்காலி இல்லை. மூவரும் படியில் உட்கார்ந்திருக்கிறோம்: அக்கா மச்சானுக்கு வலப்பக்கம், நான் ஒரு படி கீழே. நேரம் போகாமல், எழுதி வைத்திருந்த முடிவுகளை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அ) காது காய்ந்திருக்கிறது. ஆபரேஷன் நடக்கிறது. கட்டுப் பிரித்த அன்று அவர் முதலில் கேட்பது அக்காவின் குரல்.

"யாரு, அவுகளா? மோட்டார்ச் சத்தத்தத்தான் மொதல்ல கேப்பாக. தண்ணி எடுக்குதா, வெறுமனே ஓடுதான்னு."

ஆ) காது ஈரம். இனி ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்கிறார்கள். இருவரும் சைகையிலேயே பேசப் பழகிக்கொள்கிறார்கள். அதில் ஒரு புதிய—

"நிறுத்து. ராக்கையா அண்ணன் மருமக கதைய எந்தச் சைகையில சொல்றது? நீயே செஞ்சு காட்டு பாப்போம்."

இ) "ஆகவே வாசகர்களே, செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் காதில் எதையும் ஊற்றக் கூடாது."

"இத வேணும்னா வையி. ஒருத்தராவது ஊத்தாம இருப்பாக.*"

ஈ) என்று ஆரம்பித்தேன். அக்கா தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துத் திரும்ப என் சட்டைப்பையில் வைத்தாள்.

"நீயும் உங்க மச்சான் மாதிரியேதான்டா. சும்மா கெடக்கறத விடுறியா? எதையாவது ஊத்திக்கிட்டே இருக்க."

9.

மச்சான் டோக்கன் எண் எரிகிற பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் யாரும் பேசுகிற குரலில் பேச ஆரம்பித்தாள்.

முதலில் ராக்கையாவின் மருமகள். எதற்குக் கோபித்துக்கொண்டு போனாள், யார் போய் அழைத்து வந்தது, வந்தபோது கையில் என்ன இருந்தது. அக்கா நடுவில் தானே சிரித்துக்கொண்டாள். மச்சான் பலகையைப் பார்த்தபடியே இருந்தார். அது முடிந்து இன்னொன்று. அதன் பிறகு அவள் குரல் தணிந்தது. அவர்கள் இருவரையும் பற்றி ஏதோ சொன்னாள். நிறைய நேரம் சொன்னாள். ஒரு படி கீழே இருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அக்கா சொன்னது என்னவென்றால்,

(இந்த வரியை முடிக்கவில்லை. முடிக்கப் போவதும் இல்லை. அது என் காதுக்காகச் சொன்னது அல்ல, உங்கள் காதுக்காகவும் அல்ல.)

என் பார்வையைக் கவனித்துவிட்டாள். "கேக்காதுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். காது வந்துருச்சுன்னா பாதிய முழுங்கணும்," என்றாள். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா அவர் முழங்காலைத் தட்டினாள். மச்சான் எழுந்து, படியில் பிடி தேடி என் தோளில் கையை வைத்தார்.

"மாப்ள, இவ இவ்வளவு நேரம் வாய அசைச்சுக்கிட்டே இருந்தாளே, என்னவாம்?"

அவருக்குக் காதாக இருப்பதற்குத்தான் பெரியகுளத்திலிருந்து வந்திருக்கிறேன். வலது காதருகே குனிந்தேன். வாயைத் திறந்தேன். பஞ்சு வெள்ளையாக இருந்தது. வெளிப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

"அக்காவே சொல்லுவா மச்சான். நீங்களே கேட்டுக்கங்க," என்றேன், தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி.

டாக்டர் ஷீபா மச்சானை நாற்காலியில் சாய்த்தார். திரை ஒளிர்ந்தது, அதில் இன்னும் ஒன்றும் வரவில்லை. "பஞ்சை எடுங்க," என்றார், விளக்கைத் திருப்பிக்கொண்டே.

அக்காதான் எடுத்தாள். டாக்டர் பார்ப்பதற்கு முன் அதைத் திருப்பி, உள்ளே இருந்த பக்கத்தைப் பார்த்தாள். பிறகு விரல்களை மூடிக்கொண்டாள்.

அந்தக் கையை நான் திறக்கப் போவதில்லை. நீங்களும் இதில் ஒன்றும் ஊற்ற வேண்டாம். காயட்டும்.

__________

* வைத்துவிட்டேன். இந்தக் கதையில் மாற்றி எழுத அவசியமில்லாத ஒரே வாக்கியம் அதுதான்.